இடது காது கிளிப்பும் இரு பெருவீரரும்

வாழ்க, ஒரு தாளை ஓராயிரமாக்கும் ஒளிப்பேழையின் தலைவி! பத்திரமென்றும் சான்றிதழென்றும் வந்து குவிந்த காகிதப் பெரும்படையை முன்பக்கம் பின்பக்கம் பிசகாமல் பிரதியெடுத்து, "ஓரத்துல கறுப்பா வந்திருக்கே" என்று குறைகூறிய வாடிக்கையாளர் வெள்ளத்தைப் பதினோராண்டு நின்றபடியே எதிர்கொண்ட ஜெராக்ஸ் கடை அக்காவே, வாழ்க! கழுத்தில் ஒரு வலி, தோளிரண்டில் அதன் தம்பியர் இருவர், இடுப்பில் ஒரு கூட்டுக்குடும்பம், முழங்காலில் அதன் பங்காளிகள் என ஒரு பெருங்குடியையே வாடகையின்றித் தன் மேனியில் குடிவைத்த வள்ளலே, உன் புகழ் பாடப் புகுந்தோம். கொஞ்சம் நீளமாகத்தான் பாடுவோம். அவசரக்காரர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அக்காவின் மேல் படையெடுத்த பகைவனின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். உச்சி முதல் உள்ளங்கால் வரை வலிப்பான். ஆனால் எந்த ஊடுகதிர்க் கண்ணுக்கும் சிக்கான். இரத்தம் எடுத்தார்கள், நார்மல். எக்ஸ்ரே எடுத்தார்கள், நார்மல். குழாய்க்குள் படுக்கவைத்து முக்கால் மணி நேரம் டமடமவென்று முழக்கி ஸ்கேன் எடுத்தார்கள், அதுவும் நார்மல். நார்மல் என்ற அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டாலே பற்றியெரியும் அளவுக்கு அச்சொல்லை வெறுத்தவள் நம் தலைவி. "எல்லாம் நார்மல்னா சந்தோஷப்படணும், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்படி?" என்று கேட்டவர் அவளைக் கண்ணை இமைபோலக் காத்துவரும் அவளுடைய அண்ணி. அண்ணிக்கு உடம்பில் ஒரு வலியும் கிடையாது, நல்லா இருக்கட்டும்.

ஈதிவ்வாறாக, பெரிய மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் வலி நிவாரணப் பிரிவை ஆண்ட மருத்துவர் ஒரு நாள் திருவாய் மலர்ந்தார்: "காதுல இருந்து மூளைக்குப் போற நரம்பு ஒண்ணு இருக்கும்மா. அதுல லேசா கரண்ட் குடுத்துப் பார்க்கலாம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. உங்களுக்குக் கேட்டா உங்க அதிர்ஷ்டம்." அடடா, காதே! கம்மலைத் தாங்கினாய், கணவன் சொல்லைத் தாங்கினாய், ஒன்றில் வாங்கி மற்றொன்றில் விடும் பெருங்கலையைக் குடும்பத்துக்காகக் கற்றாய், கடைசியில் மின்சாரத்தையும் தாங்க முன்வந்தாயே! இடது காதின் உட்குழிவில் துணிக்கு மாட்டும் கிளிப் போன்ற ஒன்றைக் கவ்வவிட்டு, அரை மணி நேரம் சுருசுருவென்று எறும்பு ஊர்வதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

நம்புங்கள், அது அவளுக்குக் கேட்டது. பன்னிரண்டாம் நாள் விடியும்வரை தூங்கினாள். பதினேழாம் நாள், ஆண்டுக்கணக்காகத் தலைக்குமேல் உயர மறுத்த தன் இரு கைகளையும் உயர்த்தித் தானே பின்னல் போட்டுக்கொண்டாள். போட்டுவிட்டுக் கண்ணாடி முன் நின்று அழுதாள். ஆனால் அந்த வைத்திய அறையின் சுவரில் ஒரு சாசனம் ஒட்டப்பட்டிருந்தது: இருபது நாள் இடைவிடாமல் வர வேண்டும், ஒரு நாள் தவறினாலும் கணக்கு முதலிலிருந்து. இருபதை முடித்தவருக்கே மெஷின் ஆறு மாதம் வீட்டுக்குக் கொடுக்கப்படும். இன்று அவளுக்குப் பத்தொன்பதாம் நாள்.

கடையை அடைத்துவிட்டு மூச்சிரைக்க மாடியேறி அவள் அறைக்குள் நுழைந்தபோது மணி நாலு ஐம்பது. வழக்கமாக இரண்டு மெஷின் இருக்கும். அன்று ஒன்றின் வயர் அறுந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. மிஞ்சிய ஒற்றை மெஷின்முன் கிடந்த ஒற்றை நாற்காலியை நோக்கி, எதிர்வாசல் வழியே ஒரு மலை நடந்து வந்தது.

ஆகா, வந்தவன் யாரெனில், கற்றுக்குட்டிகள் கையில் ஸ்டீயரிங்கையும் தன் உயிரையும் ஒருசேர ஒப்படைத்துவிட்டு, பக்கத்து இருக்கைக் காலடியிலுள்ள இரண்டாம் பிரேக்கை ஒற்றைக் காலால் ஊன்றியே நகரத்துப் பாதசாரிகளை இருபதாண்டு காத்த மீசைப்பெருமான், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்! புயத்தைப் பார்த்தால் லாரியைத் தள்ளுவார் போலிருக்கும். அவருக்கும் அதே பகைவன்தான், அதே இடது காதுதான். அவருக்கு அன்று பதினான்காம் நாள்.

இருவர் கையும் ஒரே கணத்தில் நாற்காலியின் முதுகைப் பற்றின. அறையின் பொறுப்பாளரான சிஸ்டர், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே போர் விதியை அறிவித்தார்: "அஞ்சரைக்கு நான் பூட்டணும். அரை மணி முழுசா ஓடினாத்தான் மெஷின் கணக்குல ஏத்திக்கும், ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் ஏத்திக்காது. அஞ்சு மணிக்குள்ள யாராவது ஒருத்தர் உக்காருங்க."

முழங்கிற்று சங்கம்! அதாவது, வெளியே ஓர் ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனது. "நான்தான் சார் முதல்ல வந்தேன்" என்று அக்கா முதல் அம்பைத் தொடுத்தாள். "நான் கீழ லிஃப்டுக்காக நின்னுட்டிருந்தேம்மா, அப்பவே வந்துட்டேன்" என்று மாஸ்டர் அதை அறுத்தார். "எனக்கு ஏழு வருஷமா வலி." "எனக்கு ஒம்போது." "எனக்குத் தலைமுடி பட்டாக்கூட வலிக்கும்." "எனக்குச் சட்டைக் காலர் பட்டா வலிக்கும்." உலகத்தில் வேறெங்கும் தன் வலியைக் கூட்டிச் சொல்ல வாய்ப்பே வாய்க்காத இருவரும், கிடைத்த வாய்ப்பை விடாமல், ஏலத்தில் விலையேற்றுவதுபோல் ஏற்றினார்கள். நாற்காலியின் காலொன்று தரையில் கிறீச்சிட்டது. சிஸ்டர் பக்கத்தைத் திருப்பினார்.

அப்போதுதான் அக்கா தன் அம்பறாத்தூணியின் அடியிலிருந்து, தொடக்கூடாத அந்த அத்திரத்தை எடுத்தாள். அது அவளுடையதன்று. கணவன் எறிந்தது, அண்ணி எறிந்தது, வெள்ளை அங்கி அணிந்த டாக்டர்கள் மூவர் முறைவைத்து எறிந்தது. ஏழாண்டாக அவள் நெஞ்சிலேயே தைத்துக் கிடந்தது. அதை அவள் பிடுங்கினாள். மீசையை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்களப் பாத்தா வலி இருக்கற ஆளு மாதிரியே தெரியலையே சார்."

விழுந்தது மலை. மாஸ்டரின் கை நாற்காலியை விட்டது. "எங்க வீட்டுலயும் அதத்தாம்மா சொல்றாங்க" என்றார். "ஆம்பளைக்கு ஏதுடா இந்த வலின்னு எங்கப்பா சிரிக்கிறாரு. நீங்க உக்காருங்க. உங்களுக்குத்தான் நாள் கூட."

வென்றாள் தலைவி! கொட்டுக முரசு! ஆனால் வென்றவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வேறு எந்த வாயிலிருந்து வந்திருந்தாலும் பரவாயில்லை, தன் வாயிலிருந்தா அந்தச் சொல் வர வேண்டும்? வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"தப்பா சொல்லிட்டேன் சார். நீங்க உக்காருங்க."

"ஐயோ, வேணாம்மா. நீங்க உக்காருங்க."

தொடங்கிற்று இரண்டாம் போர், முதற்போரினும் கொடிது. முன்பு இழுத்த நாற்காலியை இப்போது தள்ளினார்கள். முன்பு ஏற்றிய வலியை இப்போது இறக்கினார்கள். "எனக்கு இன்னிக்குப் பரவால்ல." "எனக்கும் பரவால்ல, காலைல ரெண்டு பேருக்கு ரிவர்ஸ்கூட எடுக்கச் சொல்லிக் குடுத்தேன்." பொய், பொய், இரண்டும் பச்சைப் பொய்! "அப்படியா, கழுத்தத் திருப்ப முடிஞ்சுதா?" என்று அக்கா கேட்டாள். "எங்க முடிஞ்சுது, கண்ணாடியப் பாத்தே சமாளிச்சேன்" என்று மாஸ்டர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. உங்களுக்கு எங்கே ஆரம்பிக்கும்? தோள்பட்டையிலா? எனக்கும் அங்கேதான். எத்தனை மணிக்கு முழிப்பு வரும்? மூணா? அட, எனக்கும் மூணு! மழைக்கு முந்தின நாள் எப்படி இருக்கும்? ஐயோ, அதைக் கேட்காதீர்கள். மெஷின்முன் உட்கார ஆரம்பித்த பிறகு மாஸ்டர் ஒரு நாள் முழுசாகத் தூங்கினாராம். எழுந்து மணியைப் பார்த்துப் பயந்துபோனாராம். பின்னல் போட்ட கதையை வீட்டில்கூடச் சொல்லாத அக்கா, அதை அவரிடம் சொன்னாள். மாஸ்டர் சிரிக்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை, நடக்கப் போகச் சொல்லவில்லை, யோகா செய்யச் சொல்லவில்லை. "அப்பாடா, கை மேல போச்சா!" என்று மட்டும் கேட்டார். ஏழாண்டில் முதன்முறையாக ஒரு மனிதர் தன்னை நம்பிவிட்டார் என்பது அவளுக்கு விளங்கியது. பேச்சை நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை.

"மணி ஆகுது" என்று சிஸ்டர் ஒரு முறை கூறினார். மறுமுறையும் கூறினார். எந்தக் காதுகளின் பொருட்டு இத்தனை குருதி சிந்தாப் பெரும்போர் நிகழ்ந்ததோ, அந்நான்கு காதுகளில் ஒன்றிலும் அது ஏறவில்லை. சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைக் கடந்து, ஒன்றைக் கடந்து, இரண்டைத் தொட்டது. நாற்காலியோ, இரு பேரரசுகளும் கைவிட்ட எல்லைக்கோட்டையெனக் காலியாகக் கிடந்தது.

சிஸ்டர் எழுந்தார். கிளிப்பைக் கழற்றிப் பஞ்சால் துடைத்தார். வயரைச் சுற்றினார். பதிவேட்டை விரித்து இரு பெயர்களுக்கு எதிரேயும் ஒரு சுழி இட்டார்.

"அஞ்சு பத்து ஆச்சு. இனிமே அரை மணி எங்க இருக்கு? ரெண்டு பேரும் நாளைக்கு வாங்க, ஒண்ணாம் நாள்."

சேர்த்துவைத்த பதினெட்டு நாளும் பதின்மூன்று நாளும் ஒரு பேனா முனையில் மாண்டன. அண்டம் அதிரவில்லை, திசைகள் இருளவில்லை, தேவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா தன் பையை எடுக்கக் கையை நீட்டினாள், தோள் சுளீரென்றது. "விடுங்க, நான் எடுக்கறேன்" என்று மாஸ்டர் குனிந்தார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் மெல்ல, மிக மெல்ல, பையின் ஆளுக்கொரு காதைப் பிடித்தபடி, மூன்றாம் மாடியின் நீண்ட நடைவழியைக் கடந்தார்கள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியில் இறங்கினார்கள்.