மூச்சு விட மறந்த மாப்பிள்ளை

கேமராவைக் கண்டால் எனக்கு முகம் செத்துவிடும். (மற்ற நேரத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்பாள் என் மனைவி மாலதி.) எங்கள் கல்யாண ஆல்பத்தில், தாலி கட்டும் படத்தில்கூட யாரோ மிரட்டி உட்கார வைத்த மாதிரிதான் இருப்பேன்.

கூடுவாஞ்சேரியில் என் மாமியார் அந்த ஆல்பத்தைப் பார்த்துவிட்டுச் சரியாகச் சாப்பிடவே இல்லையாம். "மாப்பிள்ளைக்கு உன்னப் புடிக்கலையாடி?" என்று மகளைக் கேட்டிருக்கிறார். மாலதி இதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. அவளுக்கும் அதே சந்தேகம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் இரும்புலியூரில் எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று எதைச் சொன்னாலும் குடும்பமே பதில் சொல்லும். ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போக மாமியார் வருவதற்குள், சிரித்த முகமாக ஒரு ஜோடிப் படம் எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவுசெய்தேன்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கம், மாடியில் ஸ்டூடியோ. ஏரியும் அன்னமும் வரைந்த திரைக்கு முன்னால் எங்களை நிறுத்தினார்கள். திரை ஆடக் கூடாதென்று ஃபேன் கிடையாது. நான் ரிசப்ஷன் கோட்டில் போயிருந்தேன். கல்யாணமானதிலிருந்து சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய் விருந்து சாப்பிட்டதில் கோட்டுப் பொத்தான் எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்துத்தான் மாட்டினேன். வெளியே விட்டால் பொத்தான் தெறித்துவிடும்.

"அவங்க தோள்ல கை வைங்க சார்" என்றார் ஸ்டூடியோக்காரர். வைத்தேன்.

"இன்னா சார், பஸ்ஸு கம்பிய புட்சிகினு நிக்கிற மாரி கீது. ரிலாக்ஸா, நேச்சுரலா நில்லுங்க."

மூச்சை அடக்கிக்கொண்டே ரிலாக்ஸாக நின்றேன். அவர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே வந்து என் தாடையைத் திருப்பிவைத்தார். மறுபடி உள்ளே போனார். அதற்குள் அன்னம் நீந்த ஆரம்பித்துவிட்டது. அடுத்து நானும் திரையும் சேர்ந்து விழுந்தோம்.

கண் விழித்தபோது முகமெல்லாம் சோடா, தலை மாலதியின் மடியில். "பொத்தானுக்காக மூச்ச அடக்கினேன்" என்றேன்.

"மூச்சு விடணும்னு கூடவா ஒருத்தர் சொல்லணும்? அப்படி என்னங்க அந்தப் போட்டோவுல?"

"உன்ன எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குன்னு உங்கம்மாவுக்குத் தெரியணும்ல."

என் முகத்துச் சோடாவை முந்தானையால் துடைத்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஸ்டூடியோக்காரர் கிழிந்த திரையைச் சுருட்டிக்கொண்டு, "நீங்க பேசிகினு இருங்க, நான் அன்னத்த ஒட்டினு வரேன்" என்று நகர்ந்துவிட்டார்.

போட்டோ எடுக்கப்போவதை முன்பே சொல்லியனுப்பியிருந்ததால், மாமியார் வந்ததும், "போட்டோ எங்க மாப்பிள்ளை?" என்றுதான் ஆரம்பித்தார். மாலதி கதையைச் சொன்னாள். சொன்னாள் என்பதைவிட, நான் விழுந்ததை நடித்தே காட்டினாள். சிரிப்பில் முடிக்க முடியவில்லை. மாமியார் என்னைப் பார்க்கவே இல்லை, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் இலையில் இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னார்.

விருந்து போட்ட அத்தனை பேருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன். அந்தக் கோட்டு சரியாக இருந்திருந்தால் ஒரு நல்ல படம் கிடைத்திருக்கும், அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்காது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது குரூப் போட்டோ என்றால், மாலதி முதலில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்கிறாள். புதுச் சம்பந்தி வீட்டார் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.