பொறுக்கி சாரின் பட்டுக்கரை வேட்டி

தருமபுரி மாவட்டத்தில் ‘பொறுக்கி’ என்று முகத்துக்கு நேராகக் கூப்பிட்டால், “சொல்லுங்க” என்று மரியாதையாகத் திரும்பிப் பார்க்கக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் கீழே நான் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். புத்தி பேதலிக்காமல் வெளியே வந்துவிட்டதாக நான் நினைக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அதில் சந்தேகம் உண்டு.

பாப்பாரப்பட்டி ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. தக்காளி, மாங்காய் அடுக்குகிற கிரேட் செய்வோம். வெளியே வருகிற கிரேட்டைத் தட்டி, வளைத்து, முறைத்துப் பார்த்து ‘தேறும்’, ‘தேறாது’ என்று சொல்வது என் வேலை. அவர் மிஷின் ஷாப்புக்கு சூப்பர்வைசர். பிளாஸ்டிக் எங்களிடம் மூட்டையில், வெள்ளை வெளேரென்று குருணை மாதிரி வரும். அதற்கு ‘தானா’ என்று பெயர். மூட்டையை மிஷினில் கவிழ்க்கும்போது நாலு தானா தரையில் தெறிக்கும். சாதாரண மனிதர்கள் அதன்மேல் கால் வைத்து, வழுக்கி விழுந்து, கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். இவர் குனிந்து பொறுக்குவார்.

எப்போதும் பொறுக்குவார். முதலாளி முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் ஆள் காணாமல் போவார். மேஜைக்கு அடியிலிருந்து, “நீங்க சொல்லுங்க, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்” என்று குரல் வரும். ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். சொல்லிச் சொல்லிக் கூர் மழுங்கி, ‘சார்’ சேர்ந்து, கடைசியில் அவர் வீட்டம்மாவே ஆபீசுக்கு போன் செய்து, “பொறுக்கி இருக்காருங்களா? வூட்டுச் சாவிய எடுத்துட்டு வந்துட்டாரு” என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது.

அந்த அம்மாவின் கஷ்டம் தனி. துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து தினமும் ஒரு கை தானா எடுப்பார். கம்பெனிச் சொத்தாயிற்றே என்று ஒரு காகிதத்தில் மடித்து, மறுநாள் டிபன் கேரியரின் மேல்தட்டில் வைத்துத் திருப்பி அனுப்புவார். எங்கள் ஃபிட்டர் அதைக் கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் கடித்துப் பார்த்துவிட்டு, “கரையவே மாட்டேங்குதே சார்” என்றார்.

“இருநூறு டிகிரி வச்சாத்தான் கரையும். துப்பு,” என்றார் பொறுக்கி சார். துப்பியதைக் கழுவித் தனியாக எடுத்தும் வைத்தார்.

அவருக்கு எதுவும் வீணாகக் கூடாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷின்கள் நின்றதும் விரலை உதட்டில் வைத்து எங்கள் எல்லாரையும் அடக்குவார். காற்றுக் குழாயில் எங்கேயாவது ‘ஸ்ஸ்’ என்று கசிகிறதா என்று கேட்பதற்காக. “காத்து சும்மா வருதுன்னு நெனைக்காதீங்க. கரண்டுதான் காத்தா போவுது,” என்பார். சோப்புத் தண்ணீர்க் குவளையோடு சத்தத்தைத் துரத்திக்கொண்டு போவார். குமிழி வந்த இடத்தில் ஓட்டை. ஒருநாள் அந்த ‘ஸ்ஸ்’ அவரை ஸ்டோர் ரூம் வரை இழுத்துக்கொண்டு போனது. அங்கே கணக்குப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கிலிருந்து சத்தம். நான் மட்டும் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்திருக்காவிட்டால், கணக்குப்பிள்ளையின் மூக்கில் குமிழி வந்திருக்கும்.

அப்புறம் அந்தச் சட்டை விவகாரம். பிளாஸ்டிக்கை உருக்குகிற இரும்பு உருளை சும்மா திறந்து கிடப்பதால் பாதிச் சூடு ஷாப்புக்குள் போய் நாங்கள் வேகிறோம் என்பது அவர் வாதம். உருளைக்குச் சட்டை மாட்ட, வெப்பம் தாங்குகிற கண்ணாடி இழைத் துணி வாங்கி வந்துவிட்டார். தைக்க ஆள் வேண்டுமே! பென்னாகரத்தில் எனக்குத் தெரிந்த டெய்லரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டெய்லர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அளவு கேட்டார்.

“இடுப்பு எவ்ளோங்க?”

“நாப்பது.”

“மார்பு?”

“அதுவும் நாப்பது. மேலருந்து கீழ வரைக்கும் ஒரே அளவு.”

“ஒசரம்?”

“ஆறடி. ஆனா படுத்தேதான் கெடக்கும்.”

டெய்லர் பென்சிலை எடுத்துவிட்டார். “கை நீளம்?”

“கை கெடையாதுங்க.”

டெய்லரின் கண் கலங்கிவிட்டது. “எத்தன வருசமா இப்பிடி?” என்று என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். மிஷின் என்று நான் சொல்வதற்குள், கூலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உண்மை தெரிந்த பிறகு இரண்டு மடங்கு கேட்டார். ஆனால் சட்டை அருமையாக வந்தது. அந்தக் கோடையில் ஷாப்பில் நாங்கள் மனிதர்களாக வேலை பார்த்தோம்.

இவ்வளவும் செய்தவருக்கு நடக்காத காரியம் ஒன்று இருந்தது. கம்பெனி வாசலில் மழைத்தண்ணீர் ஓடுகிற கால்வாய். அது நேராகப் பின்பக்க ஏரிக்குப் போகிறது. ஆடுமாடு தண்ணீர் குடிக்கிற ஏரி. தானா போகாதபடி கால்வாயில் சல்லடை போடச் சொல்லி இரண்டு வருஷமாக முதலாளியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலாளி சேலத்துக்காரர், நல்ல மனிதர், கெட்ட காரியம் எதையும் செய்ய மாட்டார். நல்ல காரியத்தையும் ஒத்திப்போடுவார்.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி எங்களிடம் கிரேட் வாங்குவதாக வந்தது. பார்வையிட ஒரு மேடம் வருகிறார் என்றார்கள். அந்த ஆர்டர் கிடைத்தால் மூடிக் கிடக்கிற இரண்டு மிஷினும் ஓடும், வேலை குறைந்ததால் நிறுத்திவைத்த பாப்பிரெட்டிப்பட்டிப் பெண்கள் பன்னிரண்டு பேரையும் திரும்ப வேலைக்குக் கூப்பிடலாம். முதலாளி எல்லாரையும் நிற்க வைத்து, “நாளைக்கு நல்லா டிரஸ் பண்ணிட்டு வாங்க. மானத்தக் காப்பாத்துங்க,” என்றார்.

பொறுக்கி சார் அதை மனதார எடுத்துக்கொண்டார். மகள் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டியில் வந்து இறங்கினார். வேட்டி கட்டிக்கொண்டு மிஷின் பக்கம் போகக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அதனால் அன்று வாசலோடு நின்று லாரியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கேதான் வினை.

லாரியிலிருந்து இறக்கும்போது கொக்கி மாட்டி ஒரு மூட்டை நீளமாகக் கிழிந்தது. பொறுக்கி சார் ஐயோ என்று ஓடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழையைப் பற்றித் தெரியும்தானே? வருஷம் முழுக்க வராது, வரக் கூடாத நேரம் பார்த்து வாளியோடு வரும். வெள்ளைத் தானா மொத்தமும் மிதந்து, ஊர்வலம் மாதிரி கால்வாய்க்குள் இறங்கியது.

அவர் ஒரு நொடிதான் யோசித்தார். பட்டுக்கரை வேட்டியை உருவினார். பட்டாப்பட்டி டவுசரோடு கால்வாயில் குதித்தார். வேட்டியைக் குறுக்கே விரித்து, “ஸ்டெல்லாம்மா, அந்த முனையப் புடி!” என்று கத்தினார். நான் பிடித்தேன். என் புதுச் சேலையும் நானும் முழங்கால் தண்ணீரில். வேட்டி தொட்டில் மாதிரி கனக்க ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. குடைக்குக் கீழே முதலாளியும், பெங்களூர் மேடமும்.

மேடம் எங்களைப் பார்த்தார். அரைகுறைத் தமிழில், “அவர் யாரு?” என்றார்.

முதலாளி ஒரு கணமும் தயங்கவில்லை. “தெரியலீங்க மேடம். யாரோ ஊர்க்காரங்க. மீன் புடிக்கறாங்க போல.”

மேடம் கால்வாய் ஓரம் வந்து குனிந்து, கன்னடத்தில் அவரிடமே கேட்டார், நீங்கள் யார் என்று. பொறுக்கி சார் ஒகேனக்கல் பக்கத்து ஆள், ஆற்றுக்கு அந்தக் கரையில் பெண் எடுத்தவர். கன்னடம் தண்ணீராகப் பேசுவார். “இல்லே கெலச மாடோது மேடம்,” என்றார். இங்கேதான் வேலை செய்கிறேன் என்று அர்த்தம்.

பிறகு ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசினார். மூட்டை கிழிந்தது, முக்கால்வாசி பிடித்தாகிவிட்டது, கால்வாசி ஏரிக்குப் போய்விட்டது, மாடு தின்றால் வயிற்றில் தங்கும், மீனும் விழுங்கும், சல்லடை கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. எல்லாம். முதலாளிக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. தான் மீன்காரராக்கிய ஆள் தன் கம்பெனியைத்தான் புகழ்ந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்து, வாக்கியத்துக்கு வாக்கியம் சிரித்துத் தலையாட்டினார். “ஆமாங்க மேடம், ஆமாங்க,” என்று இரண்டு தடவை சாட்சியும் சொன்னார்.

மேடம் உள்ளே போனதும் முதலாளி என்னிடம் ஓடி வந்தார். “உனக்குக் கன்னடம் தெரியுமில்ல? என்னா சொன்னாரு?”

“மழை நல்லாப் பெய்யுதுன்னு சொன்னாருங்க,” என்றேன். இந்தப் பொய்யை எங்கள் பங்குச் சாமியாரிடம் அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் சிரித்ததால் அது செல்லுமா என்று தெரியவில்லை.

நாலாம் நாள் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. கால்வாயில் சல்லடை போட்டு, தானா வெளியே போகாது என்று காட்டுகிற வரைக்கும் ஆர்டரைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி கடிதத்தை மூன்று தடவை படித்தார். பொறுக்கி சாரைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாங்கள் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

“ரெண்டு மிஷினு ஓடியிருக்கும்யா! பன்னண்டு பொம்பளைங்களுக்கு வேல! ஒரு பொய் சொன்னா உன் வாய் வெந்துடுமா?”

“நீங்க ஒண்ணு சொல்லிட்டீங்களே. ஒரு கம்பெனிக்கு எத்தனதாங்க வேணும்?”

“நாளையிலருந்து நீ வர வேணாம்.”

“சரிங்க.” வெளியே வந்தவர் முகம் செத்துப்போயிருந்தது. அந்தப் பன்னிரண்டு பெண்கள் கணக்கு அவரைக் குத்திவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஏரிக்குப் போனார். தானா தண்ணீரில் மிதக்கும். காற்று அதை ஒரு கரையாக ஒதுக்கியிருந்தது. ஒரு கொசுவலைத் துண்டும் டீ வடிகட்டியுமாக முழங்கால் தண்ணீரில் நின்று, பாசியிலிருந்து ஒவ்வொன்றாக அரித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

இங்கே ஷாப்பில் வேறு கூத்து. அவர் இல்லாமல் மிஷின்கள் எங்களை மதிக்கவே இல்லை. கிரேட் எல்லாம் வாழையிலை மாதிரி வளைந்து வந்தது. ‘தேறாது’ என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அரைத்து மறுபடி ஊற்றுவதும், மறுபடி வளைவதுமாகக் கரண்டு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் நேராக ஏரிக்குப் போனேன், கையில் ஒரு வடிகட்டியோடு. யாரிடமும் சொல்லவில்லை. போனால் அங்கே ஃபிட்டர் நிற்கிறார். கணக்குப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூக்கால் விசில் அடித்தபடி அரிக்கிறார். வேலை நின்றுபோன பெண்களில் ஏழு பேர் முறத்தோடு வந்திருக்கிறார்கள்.

“யாரு வரச் சொன்னா உங்கள? சேத்த மிதிக்காதீங்க, தானா உள்ள எறங்கிப்புடும்!” என்று எல்லாரையும் திட்டினார் பொறுக்கி சார்.

பத்து மணிவாக்கில் முதலாளியின் கார் கரையில் வந்து நின்றது. அவர் இறங்கி, கௌரவத்தோடு ரொம்ப நேரம் ஏரியைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“அந்த மூணாம் நம்பர் மிஷின்ல... கிரேட்டு வளையுது.”

“அச்சக் குளுத்தற மோல்டுத் தண்ணியத் தொட்டுப் பாத்தீங்களா?”

“எங்க தொடறது?”

“சொல்றேன். மொதல்ல இதப் புடிங்க,” என்று டீ வடிகட்டியைக் கொடுத்தார்.

முதலாளி வாங்கிக்கொண்டார். பேன்ட்டைச் சுருட்டி இறங்கினார். ஒரு மணி நேரம் அரித்திருப்பார். ஒரு உள்ளங்கை அளவுதான் தேறியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், “இது எத்தன காலம் கெடக்கும்?” என்றார்.

“நீங்க, நானு, நம்ம பேரப்புள்ளைங்க எல்லாம் போனப்புறமும்.”

திங்கட்கிழமை சல்லடைக்கு ஆள் வந்தது, பொறுக்கி சாரும் வேலைக்கு வந்தார். மண் பட்ட தானா தக்காளி கிரேட்டுக்கு ஆகாது என்று பொறுக்கி சார் பிடிவாதம் பிடித்ததால், ஏரியில் பிடித்ததை வைத்துக் கம்பெனிக்குக் குப்பைத்தொட்டி செய்தோம். மேடம் மறுபடி வந்தார். ஆர்டர் கிடைத்தது, கேட்டதில் பாதிதான். பன்னிரண்டு பெண்களில் எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். மற்ற நாலு பேருக்காகப் பொறுக்கி சார் முதலாளியின் அறை வாசலில் தினமும் போய் நின்றார். எட்டு மாதம் நின்றார். அதற்குப் பயந்தே முதலாளி அவர்களையும் கூப்பிட்டுக்கொண்டார்.

போன வருஷம் அவருக்கு ஓய்வு. நான் வேலையை விட்டு மூன்று வருஷமாகியிருந்தாலும் கூப்பிட்டார்கள், போனேன். மாலை போட்டார்கள், முதலாளி பேசினார், குரல் உடைந்ததால் பாதியில் உட்கார்ந்துவிட்டார். பொறுக்கி சாரை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து, எங்கள் யாருக்கும் நன்றி சொல்லாமல், ஈரத் தானாவை மிஷினில் போடுவதற்கு முன் ஏன் காயவைக்க வேண்டும் என்று நாற்பது நிமிஷம் விளக்கினார். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக் கூட்டிப்போகிற வேன் வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வேன்காரர்கூட ஹார்ன் அடிக்கவில்லை.