முதல் வரிசைக் குற்றவாளி

‘இடமில்லை’ என்றது கம்ப்யூட்டர், மறுபடியும். மச்சினன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ஐந்து மணிக்குள் ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பாவிட்டால் நாலு வருஷப் படிப்பும் அம்போ. கடைசிப் பக்கத்தைச் சேமிக்க வீட்டின் பொது டிஸ்க்கில் துளி இடமில்லை.

“எழுந்திரு மச்சான். யாரோ திருட்டுத்தனமா எதையோ அடைச்சு வச்சிருக்காங்க. போய் முகம் கழுவிட்டு வா, ஆளைப் பிடிச்சு வைக்கறேன்.”

சொன்னவர் அந்த வீட்டு மாப்பிள்ளை. ஆபீஸில் கம்ப்யூட்டர்களை மேய்ப்பவர். ஆனால் முழுநேர உத்தியோகம் சந்தேகப்படுவதுதான். குழாய் சொட்டினாலும் யார் கைவரிசை என்று விசாரிப்பார்.

கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினார். ஃபைல்களெல்லாம் பெரிய எண் மேலே, சின்ன எண் கீழே என்று வரிசைகட்டின. பக்கத்தில் நின்ற மனைவியிடம் காட்டினார்.

“பார்த்தியாடி! முதல் ஆளு 998. பேரைப் பாரு, ‘கடைசி_சத்தியமா_கடைசி’! யோக்கியன் எவனாவது ஃபைல்ல சத்தியம் பண்ணுவானா?”

“ஏங்க, எதுக்கும் அவனை ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

“திருடனைக் கேட்டுட்டா திருட்டைப் பிடிப்பாங்க?”

திரும்பி வரவே முடியாதபடி அழித்தார். டிஸ்க் இன்னமும் நூறு சதவீதம் நிரம்பியதாகவே காட்டியது.

அடுத்தது 961.

“ஐயோ, அது என் டியூஷன் பிள்ளைங்க கேள்வித்தாள்!” என்று மனைவி கத்துவதற்குள் அதுவும் காலி. அப்போதும் இடம் வரவில்லை.

“நான் அழிக்க அழிக்க எவனோ பின்னாலேயே நிரப்பறான்!” இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். இன்னும் நாலைந்தை அழித்தார். ஊஹும்.

துண்டோடு வந்த மச்சினன் திரையைப் பார்த்து அலறினான். “மாமா! என் கட்டுரை எங்கே?”

“எந்தக் கட்டுரை? 998-னு ஒரு பூதம்தான் இருந்துச்சு.”

“அதுதான் என் கட்டுரை, மாமா! 998-க்குப் பக்கத்துல ‘கே’ன்னு ஒரு எழுத்து இருந்துச்சே, பார்க்கலையா? ‘கே’ன்னா கிலோபைட், கடுகு. ‘டி’ன்னா டெராபைட், பூசணிக்காய். வெறும் எண்ணை வச்சு அடுக்கினா, தொள்ளாயிரம் கடுகு மேலே நிக்கும், ரெண்டு பூசணிக்காய் கீழே கிடக்கும்!” அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “போச்சு. எல்லாம் போச்சு.”

மாப்பிள்ளையின் முகம் செத்துப்போனது. மெல்லக் கடைசி வரிக்கு இறங்கினார். 2 டி. டிஸ்க் முழுக்க அடைத்துக்கொண்டு அது ஒன்றுதான் உட்கார்ந்திருந்தது.

அவமானம் அப்படியே ஆத்திரமானது. “சிக்கினான்யா! எவனா இருந்தாலும் சரி, ஒரே தட்டு!” விரல் உயர்ந்தது.

சோபாவில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மாமியார் நிமிராமலேயே சொன்னாள்:

“கையை எடுங்க மாப்பிள்ளை, அது நான் வச்சது. உங்களை நம்பி இந்த வீட்டுல எதையும் விட முடியாதுன்னு எல்லார் ஃபைலையும் தினம் ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன்.”