வயிற்றை நிறுத்தியவர்

மனிதரில் 'இந்த லோடு மட்டும் போகட்டும், அப்புறம் சாப்பிடலாம்' என்றோர் இனம் உண்டு. திருப்பூரில் தடுக்கி விழுந்தால் அவர்கள் மேல்தான் விழ வேண்டும். லிங்கசாமி அந்த இனத்தின் தலைப்பிள்ளை. பத்து மிசின் போட்ட பனியன் கம்பெனி முதலாளி. ஆனாலும் விடிந்ததும் நூல் மூட்டையைத் தானே இறக்கி, ஒரு கையில் இட்லியும் மறு கையில் ஸ்பேனருமாக மிசின்களைச் சுற்றிவந்து, மத்தியானச் சோற்றை நாலு மணிக்கு நின்றுகொண்டே விழுங்கி, கை ஈரம் காயுமுன் பேல் என்கிற பனியன் கட்டைச் சைக்கிளில் ஏற்றிக் காதர்பேட்டை பனியன் சந்தைக்கு மிதிப்பார். சுமக்க ஆளில்லையா? இருந்தார்கள். வேடிக்கை பார்த்தார்கள்.

வயிறு எரியும். வாயு என்பார். ஒரு சோடா, ஓர் ஏப்பம்; வியாதி தீர்ந்தது என்று ஊருக்கே அறிவித்துவிடுவார்.

மனைவி ரங்காத்தாள் விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துப் போனாள். உடம்பை ஓயாமல் வருத்தினால் ரத்தமெல்லாம் கைகால் சதைக்கு ஓடிவிடும், இரைப்பையின் உள்தோலுக்குப் போவது குறையும், அப்படி வாடிய தோலை அங்கே ஊறும் அமிலமே அரித்துவிடும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். புண் ஆழமாகிவிட்டது, இனியும் மூட்டை தூக்கினால் உயிருக்கே மோசம், ஒரு மாதம் ஓய்வு வேண்டும் என்றார். லிங்கசாமி தலையாட்டினார். எப்பேர்ப்பட்ட தலையாட்டல்! டாக்டரே நம்பிவிட்டார்.

மறுநாளும் மூட்டை தூக்கினார். சோற்றைத்தான் வேண்டாமென்றார். ரங்காத்தாள் பதறிப்போய்க் காரணம் கேட்டாள்.

"ஏம்புள்ள, கரண்டு கம்மியா வந்தா ஒரு மிசினெ நிறுத்திப்போட்டு மத்ததெ ஓட்டறமல்லொ? ரத்தம் பத்தலீன்னா வவுத்தெ நிறுத்திப்போட வேண்டீதுதான்."

அடேயப்பா, என்ன மூளை! பாவி மனுஷன் நாலு நாள் வெறும் காப்பியும் சோடாவுமாக ஓட்டினார். அமிலத்துக்கு முதலாளியின் உத்தரவு போய்ச் சேரவில்லை. ஐந்தாம் நாள், தோளில் ஏற்றிய பேலோடு சரிந்து, வெள்ளைப் பனியன்கள் மேலேயே ரத்தமாக வாந்தி எடுத்தார். வாடகைக் காரில் ரங்காத்தாளின் மடியில் கிடந்தபடி கண் திறந்தவர், கறை பட்டதைக் கழித்துவிட்டு மிச்சத்தை லாரியில் ஏற்றச் சொன்னார்.

அவள் கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. "வவுத்தெ நிறுத்துனீங்க. இப்ப மத்த மிசினெல்லாம் நிக்கப் பாக்குதுங்க. கம்முனு படுங்க."

வாழ்நாளில் முதன்முறையாகக் கம்மென்று படுத்தார். ஆஸ்பத்திரியில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்; பிழைத்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களாக்கும்? சரி, சாப்பிட்டாயிற்றா? பசி கிள்ளுகிறது, ஆனாலும் இதைப் படித்து முடித்துவிட்டே எழலாம் என்றுதானே இருக்கிறீர்கள்? தாராளமாக. ஆஸ்பத்திரியில் லிங்கசாமிக்குப் பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது.