வண்ணாத்தி மீனும் நாலு ஞாயிற்றுக்கிழமையும்

எண்பத்திரண்டாம் வருஷம் தாண்டவராயன் தன் சைக்கிள் கடையில் கண்ணாடித் தொட்டி வைத்து நாலு தங்கமீன் விட்டான். அன்றிலிருந்து மரியஜோசப்புக்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சர் ஒட்ட வந்தவன், காற்றடிக்க வந்தவன், ஒன்றுக்கும் வராதவன் என்று ஸ்ரீபெரும்புதூரே அங்கே வாய் பிளந்து நின்றது. எதிர்ச்சாரியில் பேட்டரி சார்ஜ் கடை வைத்திருந்த இவர் பக்கம் ஒரு நாய்கூடத் திரும்பவில்லை.

"அது நல்ல தண்ணி மீனு. யாருனா வளப்பாங்க" என்றாள் மனைவி சகாயமேரி, கீரை ஆய்ந்தபடி. "எங்க கோவளத்துல தம்பி வலையில ஒண்ணு மாட்டும் பாருங்க, வண்ணாத்தி மீனு. மஞ்சளா, தட்டு கணக்கா, கண்ணுக்கு மை வச்சாப்புல. தின்ன ஒதவாதுன்னு தூக்கிக் கடாசுவாங்க."

மரியஜோசப் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அத்த நம்ம வூட்ல வளக்க முடியுமா?"

"நான் இன்னாத்த கண்டேன்? நீங்கதான் யோசிக்கணும்."

யோசிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. மூன்று வருஷம் முன்பு கோவளத்தில், அந்தத் தம்பியின், அதாவது மச்சான் இருதயசாமியின் கல்யாணத்தில், வீட்டு மாப்பிள்ளையான இவரை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். "இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று எழுந்து வந்தவர் வந்தவர்தான். சகாயமேரியும் போகவில்லை. தனியாகப் போனால் மாப்பிள்ளை எங்கே என்று ஊர் கேட்கும். அம்மாவைப் பார்க்க அவளுக்கு எவ்வளவோ ஏக்கம். ஆனால் வாய் திறக்கவில்லை. அதைத் தன் வெற்றி என்று மரியஜோசப் எடுத்துக்கொண்டார்.

ஆகவே, கோவளம் போகாமல் கடலை வீட்டிலேயே செய்துவிடுவது என்று தீர்மானித்தார். மூர் மார்க்கெட்டில் தொட்டி வாங்கி வந்தார். தண்ணீர் ஊற்றிக் கல்லுப்பைக் கொட்டினார். உப்பு சரியா என்று பார்க்க, பேட்டரி ஆசிட் பார்க்கும் ஹைட்ரோமீட்டரை விட்டார். அதன் மிதவை, சிவப்புக் கோட்டுக்கே எட்டாமல் அடியில் கிடந்தது.

"டவுனா கீது" என்று இன்னொரு படி உப்பு. இன்னும் இரண்டு படி. ஒருவழியாக மிதவை சிவப்பைத் தாண்டியது.

"பாதி சார்ஜ் ஏறிச்சு. மீனுக்கு இது போதும்."

சகாயமேரி ஒரு கோழிமுட்டையைத் தொட்டியில் விட்டாள். அது பந்தாக மிதந்தது.

"எங்க ஊரு கடல்ல முட்டைய வுட்டா அடிக்குப் பூடும். இதுல மீன வுட்டா வளராது. கருவாடாவும்."

"அப்ப இன்னா பண்றது?"

"கடத்தண்ணிதான் வோணும். நாலு வாரம் ஊத்தித் தொட்டியப் பழக்கணும். அப்பாலதான் மீனு."

"நான் கரையோட நின்னுக்குவேன். வூட்டுக்கு வர மாட்டேன்."

"ஐயோ, வராதீங்க! சபதம்னா சபதம்தான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு கேனோடு கிளம்பினார்கள். படப்பை வழியாகத் தாம்பரம் போய், பஸ் மாறிக் கோவளம். திரும்பும்போது கண்டக்டர் மறித்தார்.

"கேன்ல இன்னாய்யா, சாராயமா?"

"கடத்தண்ணி சார்."

கண்டக்டர் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். துப்பிவிட்டு மரியஜோசப்பை ஏற இறங்கப் பார்த்தார். "பைத்தியத்துக்குத் தனி டிக்கெட் கெடையாது. ஏறு."

முதல் வாரம் மரியஜோசப் கரையோடு நின்றார். சகாயமேரி மட்டும் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாம் வாரம் மாமியார் ஞானம்மா கரைக்கே சோறு கொடுத்தனுப்பினாள். மூன்றாம் வாரம் வெயில் கொளுத்தியதால் மாமியார் வீட்டு வேலியோரப் பூவரச நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாலாம் வாரம் இருதயசாமி ஓடி வந்தான்.

"மாமா, மூணு நாள் முன்னயே மீனு மாட்டிக்கிச்சு! பின்பக்கம் அண்டாவுல கீது."

பின்பக்கமாகப் போனால் வாசற்படியை மிதித்த கணக்கில் வராது. மரியஜோசப் போனார்.

மீன் அழகுதான். ஆனால் மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லையாம். இறாலை நறுக்கிப் போட்டார். மோந்துவிட்டு ஒதுங்கியது. நண்டுச் சதை போட்டார். அதையும் சீண்டவில்லை. வயிறு ஒட்டிப்போய் அண்டாவின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. பார்க்கப் பார்க்க மரியஜோசப்புக்குப் பாவமாக இருந்தது. தாண்டவராயன் போகட்டும், ஒரு உயிரைப் பட்டினி போட்டா பேர் வாங்க வேண்டும்? அண்டாவை மச்சானோடு சேர்ந்து தூக்கிப் போய் மீனைக் கடலில் விட்டார்.

களைத்துப்போய் வந்தவர் மச்சான் பின்னாலேயே முன்வாசல் வழியாக நடந்து, கூடத்துப் பாயில் உட்கார்ந்தார். மாமியார் இலை போட்டாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"மேரி, நல்லா யோசிச்சுட்டேன். அந்த மீனு நம்ம வூட்டுக்கு ஒத்து வராது."

"அது எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள் சகாயமேரி, குழம்பு ஊற்றிக்கொண்டே. "அடைச்சு வச்சா அது தின்னாது. இங்க கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க இங்க குந்திக்கினு இந்தக் கொழம்பத் தின்னுவீங்களா?"

மரியஜோசப் இன்னும் கொஞ்சம் குழம்புக்காக இலையைக் காட்டினார். வாய் நிறைய வஞ்சிரம் இருந்தது.