தொழிற்சாலை அடிக்காத பச்சை

இனம்: ஆதாரப் பிரியர். முதலில் பதிவான நாள்: பிப்ரவரி மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. இடம்: அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில், சாப்பாட்டு மேசையின் சன்னலோர முனை. வயது: நாற்பத்தாறு. தொழில்: காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்த்தல். உறவுகள்: மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், இரண்டு தெரு தள்ளி மாமனார். அலுவலகத்தில் வழங்கும் பெயர்: ஆதாரம். இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருக்கிறது.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததில்லை என்று சாதிக்க வேண்டாம். நாலு பேர் கூடிய இடத்தில் யாரோ ஒருவர், "அந்த வருஷம் பேஞ்ச மழையில முழங்கால் தண்ணியில நடந்து வந்தேன்" என்று ஆசையாக ஆரம்பித்ததும், "எந்த வருஷம்?" என்று குறுக்கே விழுந்து, வருஷத்தைக் கறந்து, கைப்பேசியைத் தடவி, அந்த வருஷத்து மழையளவைத் தேடியெடுத்து, "முழங்காலுக்கு வந்திருக்க வாய்ப்பே இல்லையே" என்று நீட்டுபவர் இவர்தான். நனைந்தவனை நம்பமாட்டார்; மழைமானியை நம்புவார். ஒரு பொய் சொல்லமாட்டார். அதுதான் தொல்லையே. பொய்யரோடு மல்லுக்கட்டலாம், உண்மையைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதரை என்ன செய்து தொலைப்பது?

நம் ஆதாரத்தின் கைக்கு அன்று ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தது. அதற்குள் ஒரு பழைய அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு கார், துண்டு துண்டாக. வட்ட முகவிளக்கும் நான்கு கதவும் கொண்ட, அறுபத்தெட்டாம் ஆண்டுக் குடும்ப வண்டியின் பிளாஸ்டிக் மாதிரி. அசலில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. இவ்வகைப் பெட்டிகளின் தயாரிப்பு நின்று பல காலமாகிவிட்டது. கடல் கடந்த ஊரில் யாரோ ஒருவருடைய பரணிலிருந்து இதைக் கிளப்பிக்கொண்டு வரவைத்திருந்தார்.

காரணம் மாமனார். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், எழுபத்தெட்டு வயது. ஒரு கண் போயே போய்விட்டது. மற்றொன்றில் மழைக்காலம் வரை நிறங்கள் தெரியும், பிறகு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு வீடு திரும்பிய மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு விண்ணப்பம் வைத்தார்.

"அப்பாவுக்கு அந்தப் பழைய வண்டின்னா உசிரு. அதே மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சு கையில குடுத்துடுங்க. கண்ணு தெரியறப்பவே பாத்துடட்டும். நீங்கதான் எதையும் கச்சிதமா செய்வீங்களே."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மற்றவர்கள் பெட்டியைத் திறப்பார்கள். ஆதாரப் பிரியர் திறப்புவிழா நடத்துவார். முதலில் பெட்டியை ஆறு பக்கமும் படமெடுத்தார். மோந்து பார்த்தார். பாகங்களை எண்ணி, குறிப்புத்தாளோடு ஒப்பிட்டு, மீண்டும் எண்ணினார். அச்சிலிருந்து எடுத்தபோது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு போகவேண்டும் என்பதற்காக, எல்லாவற்றையும் வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மனைவியின் புதுத் துண்டின்மேல் வரிசையாகப் பரப்பிவைத்தார்.

"அப்பா, நீங்க கார் செய்யப்போறீங்களா, பிரசவம் பாக்கப்போறீங்களா?" என்றாள் மகள்.

"அடிப்படை சரியா இல்லன்னா பெயிண்ட் பிடிக்காதும்மா."

எண்பலகையும் பெயரெழுத்தும் அச்சிட்ட ஒட்டுபடத் தாள் முப்பது நாற்பது வருஷத்தில் மஞ்சளாகியிருந்தது. அதைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காயவைத்தார். வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்குமாம். வெளுக்கவும் செய்தது. கைத்திறமையில் மனிதரைக் குறை சொல்லவே முடியாது. குறை சொல்லும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டதால் பிறருக்கு அதில் மிச்சமும் இல்லை.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் மாமனார் வந்தார். மேசைமேல் வண்டியின் கூடு மட்டும் கிடந்தது: சக்கரமில்லை, கண்ணாடியில்லை, பெயிண்ட் இல்லை. அச்சில் ஊற்றிய பிளாஸ்டிக்கின் நிறம் என்னவோ, அதே நிறம். பச்சை. பெரியவர் அதை வெளிச்சத்துப் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இதேதான்! இதே பச்சை! எங்க புடிச்சீங்க மாப்ளே?"

நியாயமாக இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். நாலு சக்கரத்தை ஒட்டினால் தீர்ந்தது. ஆனால் எதிரே நின்றவர் ஆதாரம்.

"மாமா, அது பெயிண்ட் அடிக்காத கூடு. அந்த மாடல்ல பச்சை கிடையாது. மணல் சாம்பல், பால் வெள்ளை, இரவு நீலம். மூணே நிறம்தான்."

"கிடையாதா? நானே அடிச்சேனே! வாங்கறப்பவே பெயிண்ட் உரிஞ்சு சொறி புடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு பள்ளிக்கூடத்துக்கு வயரிங் வேலை செஞ்சேன். அவங்க கேட்டுக்கு அடிச்ச பச்சை அரை டப்பா மிச்சம் இருந்துச்சு. பிரஷ்ஷால ரெண்டே நாள்ல அடிச்சு முடிச்சேன்."

"அது நீங்க அடிச்சது மாமா. நான் சொல்றது வண்டியோட நிறம்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் வேற வேறயா மாப்ளே?"

அலுவலகத்தில் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்கும் விண்ணப்பதாரர்களை ஆதாரம் கையாளும் முறை ஒன்றுண்டு: புன்னகைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். புன்னகைத்தார். பெரியவரின் கட்டைவிரல் இதற்குள் இடப்பக்கப் பின்கதவைத் தடவிக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு பள்ளம் வரணும். உங்க அத்தை ஓட்டக் கத்துக்கறப்ப கேட்டுத் தூண்ல கொண்டுபோய் உரசிட்டா. இறங்கி வந்து, 'தூண் நடுவுல வந்துடுச்சு'ன்னா பாருங்க! தட்டி எடுக்கச் சொல்லி எல்லாரும் சொன்னாங்க. நான் எடுக்கல."

"சேதத்தையெல்லாம் மாடல்ல காட்ட முடியாது மாமா. கொஞ்சம் குடுங்க, கைரேகை படுது," என்று மெல்லிய காகிதமொன்றால் கூட்டைப் பற்றி, மாமனாரின் கையிலிருந்து பக்குவமாக உருவிக்கொண்டார். இழப்பீட்டைக் கேட்கவே கேட்காத ஒரே சேதத்தைத் தம் வாழ்நாளில் அன்றுதான் அவர் சந்தித்தார், அதையும் நிராகரித்தார்.

மாமனார் போனதும் மனைவி பிடித்துக்கொண்டார்.

"அப்படியே சக்கரத்த ஒட்டிக் குடுத்துடுங்களேன். எவ்வளவு சந்தோஷப்பட்டாரு!"

"எப்படிக் குடுக்கறது? அது வெறும் பிளாஸ்டிக்."

"பச்சையாத்தானே இருக்கு?"

"அது அச்சுல ஊத்தின நிறம். அதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது."

"ஓட்டினவரு சொல்றாரே, அது ஆதாரம் இல்லையா?"

"ஞாபகம்ங்கறது ஆதாரம் ஆகாது."

மனைவி அதற்குமேல் பேசவில்லை. பாத்திரங்கள் பேசின.

பிறகு நடந்தது நிறவேட்டை. ஆதாரப் பிரியர்கள் உலகெங்கும் பரவியிருக்கிறார்கள் என்பதும், அவர்களுக்கென்று இணையத்தில் மன்றங்கள் இருக்கின்றன என்பதும், அங்கே ஒருவர் மணல் சாம்பல் என்றால் எட்டுப் பேர் எந்த மணல் என்று கேட்பார்கள் என்பதும் நீங்கள் அறியாததல்ல. மாமனார் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று அந்த மன்றத்துக்குப் போயிற்று. படத்தில் வண்டியின்மேல் சாய்ந்தபடி ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் ஒதுங்கி நின்றிருந்தால் கதவின் நிறத்தை இன்னும் துல்லியமாக அளந்திருக்கலாம் என்று மன்றத்தார் வருத்தம் தெரிவித்தார்கள். அத்தை மறைத்தது போக மிஞ்சிய கதவை வைத்து அவர்கள் ஆராய்ந்தார்கள். பின்கண்ணாடியின் வடிவம் சாம்பல் வண்டிகளுக்கே உரியது என்று கண்டு, பச்சைக்கு அடியில் இருந்தது மணல் சாம்பலாகவே இருக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள்.

மணல் சாம்பல் அடித்தாயிற்று. கண்ணாடிபோல் வந்தது. மறுநாளே மன்றத்திலிருந்து ஒரு குண்டு: அந்த ஆண்டின் பின்பாதியில் தொழிற்சாலை தன் கலவையை மாற்றியிருக்கிறது; ஒரு சொட்டுப் பழுப்பு கூடுதல். படத்திலுள்ள வண்டி பின்பாதியில் வந்தது. மேசைமேல் இருப்பதோ முன்பாதிச் சாம்பல். அந்த ஒரு சொட்டை உலகில் எவர் கண்டுபிடிப்பார்? இவர் கண்டுபிடிப்பார். போதாதா? வண்டியைப் பிரேக் எண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தேய்த்து, மீண்டும் பச்சைக் கூடாக்கினார். ஊறப்போட்ட பாத்திரத்தைப் பற்றி மட்டும் ஒரு சிறு விவகாரம் எழுந்தது.

"இது உப்பு டப்பா இல்லையா?"

"மூடி இறுக்கமா இருந்துச்சு."

"அப்பா, நீங்க அம்மாவுக்குப் பதில் சொல்லாதீங்க. ஆதாரம் மட்டும் குடுங்க," என்றாள் மகள்.

உப்பு அன்றே இடம் மாறியது. வேலை நகர்ந்தது, அதாவது ஊர்ந்தது. இருக்கைகளின் தையல் ஒரு மாதம். வேகமானியின் முள் ஒரு வாரம். டிக்கிக்குள் மாற்றுச் சக்கரம் ஒன்று இருந்தாக வேண்டுமென்று, பெட்டியில் இல்லாததால் தாமே ஒன்றைச் செய்து, அதன் தேய்மானத்தைக்கூட ஊசிமுனையால் கீறி, உள்ளே பொருத்தினார். அந்த மாதிரியில் டிக்கி திறக்காது. பொருத்தி ஒட்டியபின் அந்தச் சக்கரத்தை எந்தக் கண்ணும் காண இயலாது. அத்தையின் பள்ளத்துக்கு இடமில்லாத வண்டியில், யாரும் பார்க்கமுடியாத சக்கரத்துக்கு இடமிருந்தது.

இதற்கிடையே தொலைபேசி அடிக்கும். "மாப்ளே, முடிஞ்சுதா?"

"ரெண்டாவது பூச்சு காயணும் மாமா. அவசரப்பட்டா கெட்டுடும்."

"அவசரமில்ல, அவசரமில்ல. சும்மா கேட்டேன்."

ஆகஸ்டில் ஒரு நாள், அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மனைவி வாசலிலேயே நின்றார். "டாக்டர் சொன்னதுக்கு முன்னாடியே கண்ணு மங்கிடுச்சு. லைட்டு எரியுதான்னு பாக்க பல்புகிட்ட கைய வச்சு, சூடு இருக்கான்னு பாக்கறாரு," என்றார். வாழ்நாளெல்லாம் ஊருக்கு விளக்கெரியவைத்த மனிதர். ஆதாரம் நிமிர்ந்து பார்த்தார். அவர் கல்நெஞ்சரல்லர், கண்கள் கலங்கின. கலங்கிய கண்ணோடு ஒட்டுபடம் ஒட்டக்கூடாதென்று, அன்றைய வேலையை நிறுத்திவைத்தார்.

முதல் மழை பெய்த வாரத்தில் வண்டி முடிந்தது. உள்ளதைச் சொல்லவேண்டும்: அற்புதம். மூவரும் அதைப் பஞ்சு வைத்த பெட்டியில் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனார்கள்.

"கையக் கழுவிட்டேன் மாப்ளே. ஈரமும் தொடச்சுட்டேன்," என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார் பெரியவர். வண்டி கைக்கு வந்தது. முகவிளக்கின் வட்டம், கூரையின் வளைவு, சக்கரங்கள் என்று விரல்கள் ஒவ்வொன்றாகப் போய், இடப்பக்கப் பின்கதவில் நின்றன. தடவின. திரும்பத் தடவின.

"வழவழன்னு இருக்கு," என்றார். பிறகு முகத்தை மருமகன் நிற்கும் பக்கமாகத் தோராயமாகத் திருப்பி, "பச்சைதானே அடிச்சீங்க?" என்று கேட்டார்.

மனைவி கணவரையே பார்த்தார். மகள் தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கழுத்து சுளுக்கும் அளவுக்கு 'ஆமாம்' என்று தலையாட்டினாள். கேட்டது ஒரே ஒரு சொல். அதற்குப் பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை: "அடியில பச்சைதான் மாமா" என்றிருந்தால் அது சத்தியமான உண்மை, எந்த மன்றமும் மறுத்திருக்காது. ஆதாரமும் யோசிக்காமலில்லை. கண் தெரியாதவர் என்பதற்காக ஒருவரை ஏமாற்றுவதா, அது அவரை அவமதிப்பதல்லவா, கண் தெரிந்தவருக்கு என்ன மரியாதையோ அதையல்லவா இவருக்கும் தரவேண்டும் என்றெல்லாம் உயர்வாக யோசித்தார். உயர்வாகவே வாயையும் திறந்தார்.

"இல்ல மாமா. மணல் சாம்பல். வருஷத்தோட பின்பாதிக் கலவை. ஆதாரம் இருக்கு."

பெரியவர் தலையசைத்தார். வண்டியை இரண்டு கையாலும் ஏந்தி, காற்றில் நீட்டினார். மருமகன் வாங்கிக்கொள்ளும்வரை நீட்டிய கையைத் தாழ்த்தவில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்கு மாப்ளே. யாரோட வண்டியோ, பத்திரமா அவங்ககிட்டயே சேத்துடுங்க."

இப்போது நீங்கள் ஆதாரத்தின்மேல் கோபமாக இருக்கிறீர்கள். நல்லது, கொஞ்சம் இருங்கள். சென்ற வாரம் உங்கள் தாயார் ஏதோ பழைய கதை சொல்லும்போது, "அப்ப நான் ரெண்டாவது படிக்கலம்மா, மூணாவது" என்று திருத்தியது யார்? திருத்தியபின் அவர் அந்தக் கதையை முடித்தாரா, எழுந்து உள்ளே போய்விட்டாரா? நண்பர் ஒருவர் தம் காதல் கதையை உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருக்கையில், அந்த ரயில் அந்த நிலையத்தில் நிற்காதே என்று கேட்டவர் யார்? இதைப் படித்துவரும்போதே, ஏதோ ஓரிடத்தில் புருவத்தைத் தூக்கி, 'அது அப்படி இருக்க முடியாதே, தேடிப் பார்க்கவேண்டும்' என்று கைப்பேசியின் பக்கம் கை நீண்டதா இல்லையா? நீளவில்லை என்கிறீர்கள். ஆதாரம் கேட்கமாட்டோம். நம்புகிறோம். நம்புவது எவ்வளவு சுலபம், பாருங்கள்.

பதிவு நிறைவுசெய்யப்பட்ட நாள்: நவம்பர் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை. இடம்: மாதிரி வண்டிக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சி, குடும்ப வண்டிகள் பிரிவு, மேசை ஏழு. நிறத் துல்லியத்துக்கு நடுவர்கள் வழங்கிய மதிப்பெண்: நூற்றுக்கு நூறு.