அற்புதசாமியின் கத்தரிக்கோல்

படிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். படிக்கப் போகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டே, கவனித்திருக்கிறீர்களா?

பாலக்கரை அற்புதசாமியைப் பாருங்கள். எண்பத்து நாலில் எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அவர்தான் ஆபரேட்டர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போய், காலையில் மிஷினை எழுப்புவார். சாயங்காலம் தூங்க வைப்பார். "இன்னொண்ணு சேர்த்துப் படிங்க, சிஸ்டம் இன்சார்ஜ் ஆயிடலாம்" என்றார் மேனேஜர்.

எந்த ஒன்று? அங்கேதான் வினை. பேப்பரில் வரும் கம்ப்யூட்டர் கோர்ஸ் விளம்பரங்களையெல்லாம் கத்தரித்து ஃபைலில் ஒட்டினார். கோபோல் படிக்கத் தெப்பக்குளத்தில் அப்ளிகேஷன் வாங்கி, ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்து நண்பரிடம் யோசனை கேட்டு, அவர் உதட்டைப் பிதுக்கியதும் டிபேஸுக்குத் தாவி, அதற்கு இன்னொருவர் தலையாட்டாததால் யூனிக்ஸுக்கு வந்து, அங்கே நின்று யோசித்தார். மூன்று வருஷம் யோசித்தார்.

"ஏங்க, எதையாவது ஒண்ணப் படிச்சுத் தொலைங்களேன்!" என்றார் மனைவி பாக்கியமேரி.

"தப்பானதப் படிச்சுட்டா?"

புதிதாக வந்த ஆபரேட்டர் செல்வமேரி ஒருநாள், "சார், நான் என்ன படிக்கட்டும்?" என்று கேட்டாள். ஐந்தே நிமிஷம். "யூனிக்ஸ் படிம்மா. ஆறு மணி பேட்ச்." ஃபாரத்தையும் அவரே நிரப்பிக் கொடுத்தார். ஊரான் பிள்ளைக்கு வழி சொல்ல யாருக்குத்தான் தயக்கம்?

அடுத்த வருஷம் சிஸ்டம் இன்சார்ஜ் பதவிக்கு இன்டர்வியூ. "இத்தனை நாள்ல என்ன படிச்சீங்க?" என்றார் மேனேஜர். "எல்லாத்தையும் அலசி வச்சிருக்கேன் சார்" என்று ஃபைலை நீட்டினார் அற்புதசாமி. மேனேஜர் ஆர்வமாகப் புரட்டினார். "பிரமாதம்! என் பையனுக்கு உதவும்" என்று ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டார். பதவி செல்வமேரிக்குப் போயிற்று.

மணப்பாறை முறுக்கோடு வந்தாள் அவள். "நீங்க காட்டின வழிதான் சார்." அற்புதசாமி சிரித்தார், கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து, முறுக்கை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, சுற்றியிருந்த பேப்பரை நீவி நீவிப் படித்தார்.

"புதுசா ஒரு கோர்ஸ் வந்திருக்கு போல... அந்தக் கத்தரிக்கோல எடுங்க."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், "இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டால் பின்னால் உதவுமே" என்று உங்கள் கை எதையாவது தேடுகிறதா, சற்றுப் பாருங்கள்.